வெட்டிவேர் வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் புல்லும் பேசும், பூண்டும் பேசும். பேசும் என்பதற்காக வழியில் போகிறவனிடமெல்லாம் வாயைத் திறந்துவிடாது. அதற்கு ஒரு கட்டு இருந்தது. முறை சொல்லிக் கூப்பிட வேண்டும். மகளே என்றோ, மாமா என்றோ, ஆத்தா என்றோ யார் உறவு சொல்லி அழைக்கிறார்களோ, அவர்களுக்குத்தான் மரமும் செடியும் பதில் சொல்லும். மற்றவர்களுக்கு அது காற்றில் ஆடுகிற இலை, அவ்வளவுதான். நாய், காக்கை, நண்டு இவையெல்லாம் கூப்பிடாமலே பேசும். அவற்றுக்கு முறையும் கிடையாது, மரியாதையும் கிடையாது. இப்போது மனிதருக்கு மனிதர் முறை சொல்லவே கூச்சப்படுகிறோம். அது கிடக்கட்டும், கதைக்கு வருவோம்.

ஓர் ஆற்றங்கரையில் ஒரு சின்னக் குடியிருப்பு. அங்கே ஒரு வழக்கம். கல்யாணமாகி வருகிற பெண், பிறந்த வீட்டிலிருந்து ஒரு செடியைக் கையோடு கொண்டுவர வேண்டும். சீர் வராவிட்டாலும் செடி வர வேண்டும். வந்த செடியைப் புகுந்த வீட்டு மண்ணில் நட்டு, எல்லோர் முன்னாலும் அதற்கு ஒரு முறை சொல்ல வேண்டும். அப்போதுதான் அவள் அந்த வீட்டில் வேர் பிடித்தாள் என்று கணக்கு.

கொம்பையனைக் கட்டிக்கொண்டு அந்த ஊருக்கு வந்தவள் சிலம்பாயி. அவளுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லை. அப்பனும் ஆத்தாளும் ஒரே காய்ச்சலில் போய்விட்டார்கள். சித்தப்பன் வீட்டில் சாணி அள்ளி, சட்டி கழுவி வளர்ந்தாள். கல்யாணத்தன்று ஒரு கறிவேப்பிலைக் கன்று கேட்டதற்குச் சித்தி, "உனக்குச் சோறு போட்டது போதாதா, செடி வேற வேணுமா?" என்று கேட்டுவிட்டாள். நல்ல மனசு!

அந்த வீட்டுக் கொல்லையில், சட்டி கழுவுகிற தண்ணீர் போய் விழுகிற இடத்தில், ஒரு புல் தூர் இருந்தது. யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் விட்டதில்லை. ஆள் உயரத்துக்கு ஓங்கி, உச்சியில் ஊதா நிறத்தில் கதிர் விட்டிருக்கும். அந்தக் கதிருக்கு அப்போது அப்படியொரு மணம். விதை காற்றில் பறந்து போய் நினைத்த இடத்தில் முளைக்கும். வேர் மட்டும் கோழிக்கால் மாதிரி, மண்ணைக் கொஞ்சம் கீறிக்கொண்டு மேலோடு மேலாக நிற்கும். சிறுமியாக இருந்தபோது சிலம்பாயி அடி வாங்கினால் அதன் அடியில் போய்த்தான் உட்கார்ந்து அழுவாள். ஒருநாள் அழுகையோடு அழுகையாக, "எனக்கு யாரு இருக்கா தங்கச்சி?" என்று அதைப் பார்த்துக் கேட்டாள். "நான் இருக்கேன்க்கா" என்றது புல்.

அன்றிலிருந்து அதுதான் அவளுக்குத் தங்கச்சி. கல்யாணத்தன்று அந்தத் தூரைத்தான் மண்ணோடு பெயர்த்து முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தாள்.

கொம்பையன் வீடு ஊரின் கடைசி. வீட்டுக்குப் பின்னால் கொல்லை, கொல்லை முடிகிற இடத்தில் கரை, கரைக்குக் கீழே ஆறு. அண்ணன் தம்பி இருவர். மூத்தவன் ஆட்டை ஓட்டிக்கொண்டு மலைப்பக்கம் போனால் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. அவன் பெண்டாட்டி அன்னக்காமுதான் அந்த வீட்டில் எல்லாம். பிள்ளை இல்லாதவள். தான் கொண்டுவந்த முருங்கையைத்தான் மகளே மகளே என்று கூப்பிடுவாள், அதுவும் வளைந்து கொடுத்துக் காய்த்துத் தள்ளும். அன்னக்காமு கெட்டவள் இல்லை. வாய்தான். மனசில் ஒன்றும் இருக்காது, இருப்பதெல்லாம் நாக்கில்தான் இருக்கும்.

புதுப்பெண் என்ன செடி கொண்டுவந்திருக்கிறாள் என்று பார்க்க ஊர்ப் பெண்கள் கூடிவிட்டார்கள். அன்னக்காமு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"அடி ஆத்தி! புல்லா?"

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அன்னக்காமு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். "ஏன்டி சிலம்பு, இது காய்க்குமா?"

"இல்லைக்கா."

"கறிக்கு ஆகுமா? நிழலுக்கு ஆகுமா?"

"இல்லைக்கா."

"மாடாச்சும் திங்குமா, பாப்போம்." கட்டியிருந்த பசுவுக்கு முன்னால் கொண்டுபோய் நீட்டினாள். பசு நாக்கை நீட்டியது. இலை ஓரம் சுருக்கென்று அறுத்தது. தலையை ஆட்டிக்கொண்டு பின்னால் போய்விட்டது.

"மாடுகூடத் திங்காத வெட்டிப் புல்லு!" என்றாள் அன்னக்காமு. கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒன்றுக்கும் உதவாமல் ஊர் சுற்றுகிறவனை வெட்டிப் பயல் என்கிறோமே, அந்த வெட்டி. பெயர் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

"சரி, முறை சொல்லு. புல்லு உனக்கு என்ன வேணும்?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. இன்னொருத்தி, "சொந்தம்னு சொல்ல ஆள் இல்லாதவ, புல்லையாச்சும் சொந்தம்னு சொல்லிக்கட்டும்" என்றாள். அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் சிலம்பாயிக்கு நெஞ்சில் முள் ஏறியது. வாய்வரை வந்த தங்கச்சியை விழுங்கிவிட்டாள்.

"முறையெல்லாம் ஒண்ணுமில்லை. சும்மா கொண்டாந்தேன். வெட்டிதான்" என்றாள்.

சொல்லிவிட்டுத் தானும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கே பிடிக்கவில்லை.

புல்லைக் கொல்லை ஓரத்தில், கரை சரிகிற விளிம்பில் கொண்டுபோய் நட்டாள். யார் கண்ணிலும் படாத இடம் அதுதான். கூட்டம் கலைந்த பிறகு குனிந்து, "தங்கச்சி" என்றாள்.

புல் கேட்டது. "ஆள் இருந்தா ஒரு பேரு, ஆள் இல்லாட்டி ஒரு பேரா அக்கா?"

"கோவிச்சுக்காதே. இங்க என்னை மதிக்க ஆரம்பிக்கட்டும். அப்புறம் ஊரறியச் சொல்றேன்."

"சரிக்கா" என்றது புல். வேறு என்ன சொல்லும்?

இப்படியே போயிற்று. வீட்டில் எல்லோரும் அதை வெட்டி என்றார்கள். "வெட்டிக்குப் பக்கத்துல ஆட்டைக் கட்டாதே", "வெட்டி மேல துணியைக் காயப்போடு", எல்லாம் வெட்டிதான். கொம்பையனும் அப்படித்தான் சொன்னான். அவன் நல்லவன். வேலைக்காரன். கையில் மண்வெட்டி இல்லாமல் அவனை ஊரில் பார்த்தவர் இல்லை. பெண்டாட்டி மேல் உயிர். ஆனால் அவள் கொல்லை ஓரத்தில் போய் யாரோடு பேசுகிறாள் என்று கேட்க அவனுக்குத் தோன்றியதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. அவளும் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள்.

ஒருநாள் அவள் புல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்போது, கரைப் பொந்திலிருந்து ஒரு நண்டு கண்ணை நீட்டியது.

"ஏ பொம்பளை, உங்க ஆளுகளுக்குக் கண்ணு இல்லையா? ஆறு அடியிலே குடையுது. மேல நின்னு பாத்தா கரை மாதிரி இருக்கும். உள்ள பூரா பொந்து. இன்னும் ரெண்டு வெள்ளம் வந்தா உங்க வீடு எனக்குக் கீழ கெடக்கும்."

சிலம்பாயி எழுந்து கரையை எட்டிப் பார்த்தாள். அப்போது அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது. கொம்பையனிடம் சொன்னாள். அவன் கூடை கூடையாக மண்ணைக் கொட்டினான், கல்லை அடுக்கினான். ஆறு அத்தனையையும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது. கடைசியில் அவள் தங்கச்சியிடம்தான் வந்தாள்.

"நான் பிடிக்கவா?" என்றது புல்.

"நீயா? உன் வேரு விரல் நீளம்கூட இல்லையே."

"விட்டா எறங்குவேன். ஆனா மேலயும் வளர்ந்து கீழயும் வளர முடியாது. விதையைப் பறக்க விட மாட்டேன். பூவுக்குப் போற மணத்தையும் கீழதான் அனுப்பணும். எனக்குன்னு இருக்கிறது அவ்வளவுதான். எல்லாத்தையும் எறக்கினா கரையைப் பிடிச்சுக்கலாம்."

"உனக்கு எதுக்குடி இந்தப் பாடு?"

"உன் வீடுன்னா என் வீடு இல்லையா?"

சிலம்பாயி அன்றைக்கு அழுதாள். அழுதவள் வீட்டுக்குள் போய், இந்தப் புல் என் தங்கச்சி, அது நம் வீட்டைத் தாங்கப் போகிறது என்று சொல்லியிருக்க வேண்டுமா இல்லையா? சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் உலை வைத்தாள்.

புல் இறங்கியது. ஓர் ஆள் ஆழம் இறங்கி, அதற்கும் கீழே இறங்கி, மண்ணை இழை இழையாகக் கட்டிக்கொண்டது. கதிர் மணம் குறைந்தது, பிறகு அறவே போய்விட்டது. "இருந்த ஒரே லட்சணமும் போச்சு, சரியான வெட்டிதான்" என்றாள் அன்னக்காமு. சிலம்பாயி குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். வெள்ளம் வந்தது, போனது. பக்கத்துக் கொல்லைகளையெல்லாம் ஆறு கடித்துத் தின்றது. இவர்கள் கொல்லை மட்டும் இருந்த இடத்தில் நின்றது. எல்லோரும் கொம்பையன் போட்ட கல்லைப் பாராட்டினார்கள்.

பிள்ளை பிறந்தது. பெண். செங்கமலம் என்று பெயர் வைத்தார்கள். அன்னக்காமுவுக்குத் தலைகால் புரியவில்லை. தரையில் விடமாட்டாள், இடுப்பிலேயே வைத்திருப்பாள். பிள்ளை இல்லாத வீட்டில் வந்த பிள்ளை. இரண்டு பெண்களும் ஓர் ஆணும் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்துத்தான் எழுந்தார்கள், படுத்தார்கள்.

செங்கமலம் நடக்கப் பழகிய வருஷம் மழை பிடித்தது. மூத்தவன் வழக்கம்போல ஆட்டோடு மலைப்பக்கம் போயிருந்தான். பிடித்த மழை விடவில்லை. ஆறு மேலேறிக்கொண்டே வந்தது. நண்டு பொந்தைக் காலி செய்துகொண்டு மேட்டுப்பக்கம் கிளம்பியது. போகிற போக்கில் சிலம்பாயியிடம், "எல்லாக் கரையும் போயாச்சு. உன் தங்கச்சி பிடிச்ச பிடிதான் பாக்கி. அதையும் எவனாச்சும் தொட்டான்னா ஆச்சு" என்று சொல்லிவிட்டுப் போனது.

அதே நேரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது.

சாதாரணக் காய்ச்சல் இல்லை. தொட்ட கை சுட்டது. நெற்றியில் போட்ட ஈரத்துணி ஆவி பறந்து காய்ந்தது. வேப்பிலை அரைத்தார்கள், நிலவேம்பு கொடுத்தார்கள். அன்னக்காமு கொட்டுகிற மழையில் முருங்கையைக் கட்டிக்கொண்டு, "மகளே, உன் தங்கச்சிக்கு ஏதாச்சும் வழி சொல்லு" என்று கெஞ்சினாள். "எனக்குத் தெரியலையே ஆத்தா" என்று முருங்கையும் அழுதது. சிலம்பாயிக்கு அவள் அப்பனும் ஆத்தாளும் போன காய்ச்சல் ஞாபகம் வந்தது. இதே சூடுதான். இதே சிவந்த கண்தான்.

குழந்தையை அன்னக்காமு மடியில் கிடத்திவிட்டுக் கொல்லை ஓரத்துக்கு ஓடினாள். ஆறு கரை விளிம்புக்குக் கொஞ்சம் கீழே கருப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி! பிள்ளை போயிரும் போலிருக்குடி!"

"அழாதேக்கா. என் வேரை ஊறப்போட்டுத் தண்ணி கொடு. மணத்தையெல்லாம் கீழ எறக்கினேன்ல, அதோட குளிர்ச்சியும் எறங்கியிருக்கு. எந்தச் சூடும் தணியும்."

"வேரை எடுத்தா கரை?"

"மேல கை வைக்காதே. மேல வெட்டினா நான் பிடி விட்டுருவேன், ஆறு காலடியிலே நிக்குது. சரிவிலே பாரு, மண்ணு கரைஞ்சு நாலு இழை வெளியே தொங்குது. அதுல ஒரு கைப்பிடி உருவிக்கோ. அது போதும்."

சிலம்பாயி சரிவில் காலை வைத்தாள். அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள்ளிருந்து அன்னக்காமு அலறினாள். "ஏ சிலம்பு! பிள்ளைக்குக் கண்ணு செருகுதுடி! ஓடியா!"

பெற்றவள் என்ன செய்வாள்? எல்லாவற்றையும் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். குழந்தைக்குக் கைகால் வெட்டி இழுத்தது. வாரி மடியில் போட்டுக்கொண்டாள். விட்டுவிட்டு எழ முடியாது. கொம்பையன் வாசல் பக்கத்தில் சுவருக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். சுவரை அறுத்துக்கொண்டு மழைத்தண்ணீர் ஓடியது. அவன் கையில் மண்வெட்டி.

"ஏங்க! ஏங்க!" என்று கத்தினாள்.

"என்ன?"

தங்கச்சி வேரை உருவிக்கிட்டு வாங்க. அதுதான் சொல்ல வேண்டியது. நாக்கு நுனிவரை அது வந்தும்விட்டது. எதிரே அன்னக்காமு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கண்ணைப் பார்த்ததும் பழைய சிரிப்பெல்லாம் காதில் விழுந்தது. இத்தனை காலம் பழகிய நாக்கு தானாகவே திரும்பிக்கொண்டது.

"வெட்டி வேரை எடுத்துக்கிட்டு வாங்க! சீக்கிரம்! பிள்ளைக்கு மருந்து!"

மழை இரைச்சலில் அது அவனுக்கு எப்படிக் கேட்டது? வெட்டி, வேரை எடுத்துக்கிட்டு வா. கையில் மண்வெட்டியை வைத்துக்கொண்டிருப்பவனுக்கு வேறு எப்படிக் கேட்கும்? வேர் என்றால் எந்த வேர் என்றுகூட அவன் யோசிக்கவில்லை. அவள் எப்போதும் போய் உட்காருகிற புல், இப்போதும் அங்கிருந்துதான் ஓடி வந்தாள். ஓடினான். அவன் வெட்டு ஒவ்வொன்றும் ஓங்கி விழும். புல் அவனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அவன் அதை ஒருநாளும் முறை சொல்லிக் கூப்பிட்டதில்லையே!

முதலில் வந்தது மணம். வீடே நிறைந்தது. பின்னால் கொம்பையன், மண்வெட்டியை வாசலுக்கு வெளியே மேட்டுப் பாதையில் எறிந்துவிட்டு வந்தான். மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பெரும் பொதி வேர், மண்ணும் நீரும் சொட்டச் சொட்ட. அன்னக்காமு பாய்ந்து வாங்கினாள், கழுவினாள், தண்ணீரில் போட்டுக் கசக்கினாள். சிலம்பாயி சங்கில் ஊற்றிப் புகட்டினாள். மணம் உள்ளே போகப் போகக் குழந்தையின் இழுப்பு நின்றது. நெற்றியில் பொடிப்பொடியாக வியர்வை வந்தது. செங்கமலம் கண்ணைத் திறந்து, "ம்மா" என்றது.

மூவரும் அழுதார்கள். சிலம்பாயி குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. அந்த ஒரு மூச்சு நேரம் அவளுக்கு உலகத்தில் எந்தக் குறையும் இல்லை. பிறகுதான் மூலையில் கிடந்த பொதி கண்ணில் பட்டது.

"ஏங்க, இவ்வளவு வேரா சரிவிலே தொங்குச்சு?"

"சரிவா? என்ன சரிவு?"

"எங்கே எடுத்தீங்க?"

"நீதானே சொன்னே, வெட்டி வேரை எடுன்னு. வெட்டினேன். எடுத்தேன்."

"வெட்டியோட வேரைச் சொன்னேங்க. அந்தப் புல்லோட பேரைச் சொன்னேன்!"

கொம்பையன் தன் கையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தான். கொல்லைப் பக்கம் சொத்தென்று ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. கரையில் ஒரு பாளம் ஆற்றில் இறங்கிவிட்டது.

"அக்கா, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஓடுங்க!" என்று குழந்தையை அன்னக்காமு கையில் திணித்தாள் சிலம்பாயி. புருஷனும் பெண்டாட்டியும் கொல்லைக்கு ஓடினார்கள்.

புல் இருந்த இடத்தில் பெரிய பள்ளம். பள்ளத்தின் அடியில் ஆறு தெரிந்தது. வெட்டுப்பட்ட தலை, இலையும் தண்டும் ஒரு சாண் தூருமாக, பக்கத்தில் சேற்றில் கிடந்தது. சிலம்பாயி தொண்டை கிழியக் கத்தினாள்.

"தங்கச்சீ!"

கொம்பையன் திரும்பிப் பார்த்தான். "யாரைக் கூப்பிடுறே?"

"இதைத்தாங்க. இவதான் என் தங்கச்சி. இவதான் இத்தனை நாளும் நம்ம கரையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. நான்தான் சொல்லலை. வெக்கப்பட்டுக்கிட்டு உங்ககிட்டகூடச் சொல்லலை!"

அவன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குப் பிற்காலத்தில் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தூரைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினான். அதை மண்ணில் வைத்து அழுத்தினான், காலால் மிதித்தான், இரண்டு கையாலும் சேற்றை வாரி வாரி அணைத்தான். பிறகு குனிந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அதற்கு முறை சொன்னான்.

"கொழுந்தியா, கோவிச்சுக்காதே. தெரியாமப் பண்ணிட்டேன். கொஞ்சம் பிடிச்சுக்கோ, தாயி."

முறை சொன்னால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும். புல் அவனோடு பேசியது. அதுவும் முதல் தடவை.

"பிடிக்க வேர் எங்கே மச்சான்? மேல ஏறுங்க. அக்காவுக்கு நீங்க வேணும். ஏறுங்க!"

ஏறுவதற்கு நேரம் இல்லை. காலடியில் மண் நெகிழ்வது அவனுக்கே தெரிந்தது. தூரைப் பிடுங்கி மேலே எறிந்தான். சிலம்பாயி அதை மார்பில் ஏந்திக்கொண்டாள்.

"நட்டுரு சிலம்பு!" என்றான்.

பள்ளமும் அவனும் ஒன்றாக இறங்கினார்கள். மறுபடியும் நட்டுரு என்ற அவன் குரல் பாதியில் தண்ணீருக்குள் போயிற்று. அவள் விளிம்பில் நின்று ஆற்றைப் பார்த்து, "அவரைக் குடு! பாவி, அவரைக் குடு!" என்று மண்ணை வாரி இறைத்தாள். ஆறு பதில் சொன்னது. ஆற்றுக்கு முறையும் வேண்டாம், இரக்கமும் கிடையாது. "பிடிச்சிருந்த வரைக்கும் நான் தொட்டேனா? விட்டீங்க, எடுத்துக்கிட்டேன்" என்றது.

அதற்குப் பிறகு கொல்லை போயிற்று. முருங்கை, "ஆத்தா" என்று ஒரே ஒரு தடவை கத்திவிட்டுச் சாய்ந்தது. வீட்டின் பின்சுவர் போயிற்று. பிறகு கூரை. வெள்ளம் வடிந்தபோது அங்கே ஒரு வீடு இருந்தது என்பதற்கு அடையாளமே இல்லை. கொம்பையனை ஆறு கரை ஒதுக்கவில்லை. அவன் மண்வெட்டி மட்டும் மேட்டுப் பாதையில், அவன் எறிந்தது எறிந்தபடி கிடந்தது.

மேட்டில் ஒரு புளியமரத்தடியில் இரண்டு பெண்களும் குழந்தையும் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். சிலம்பாயியின் கையில் அந்தத் தூர் இன்னும் இருந்தது. விடவில்லை. அன்னக்காமு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதை நீ தங்கச்சின்னா கூப்பிடுவே?"

"ஆமாக்கா."

"வந்த நாளிலேருந்தா?"

"அதுக்கு முன்னாடியிருந்தே."

அன்னக்காமு தலையில் அடித்துக்கொண்டாள். "என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடி? நான் ஒரு முருங்கையைப் பிடிச்சுக்கிட்டு மகளேன்னு அழுதவ. உன்னைப் பாத்து நானா சிரிக்கப் போறேன்? நாக்கு நீளம்னா நான் மனுஷி இல்லையா?"

சிலம்பாயி தூரை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அவள் எதற்குப் பயந்தாளோ, அது அங்கே இல்லவே இல்லை. இருந்ததெல்லாம் கல்யாணத்தன்று ஒரு நொடி நேரச் சிரிப்பு. அதற்காக இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டாள்.

மழை விட்டதும் ஊர்க்காரர்கள் மேட்டில் அவர்களுக்கு ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார்கள். கூரை வேய்வதற்கு முன்னாலேயே சிலம்பாயி அந்த மண்வெட்டியை எடுத்து, குடிசையின் ஓரத்தில் குழி பறித்தாள். ஊரே நின்று பார்த்தது. வெட்டின மண்வெட்டியாலேயே தூரை நட்டாள். நட்டுவிட்டு எழுந்து, எல்லோர் காதிலும் விழும்படி, "இது என் தங்கச்சி" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

குனிந்து கூப்பிட்டாள். "தங்கச்சி."

இலை அசைந்தது. காற்றுதான்.

"தங்கச்சி, எல்லார் முன்னாடியும் கூப்பிட்டுட்டேன்டி. ஒரு வார்த்தை பேசு."

அது பேசவில்லை. அன்னக்காமுவும் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏ கண்ணு, என் மேல கோவமா? வெட்டின்னு பேரு வெச்சது நான்தான், அவ இல்லை" என்று சொல்லிப் பார்த்தாள். அதற்கும் பேசவில்லை. ஏறுங்க என்று மச்சானிடம் சொன்னதோடு, முறைக்குப் பதில் சொல்கிற கட்டுப்பாட்டையும் அது விட்டுவிட்டது. செத்துவிட்டதோ என்று பயந்தார்கள். சாகவில்லை. புதுத் தளிர் விட்டது. தண்ணீர் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் வளர்ந்தது. வெயிலில் காயவில்லை, ஆடு மேய்ந்தும் போகவில்லை. வைத்த இடத்தை விட்டு ஒரு விரல் தள்ளிப் போகவில்லை. ஊதாக் கதிரும் விட்டது. அந்தக் கதிரில் மணமும் இல்லை, முளைக்கிற விதையும் இல்லை. தானாகப் பறந்து போய் இன்னொரு வீட்டில் முளைக்கிற ஆசை அதற்குப் போய்விட்டது. இனி யாராவது கையால் எடுத்து வைத்தால்தான் போகும்.

எடுத்து வைக்க ஆட்கள் வந்தார்கள். கரை எதனால் நின்றது, எதனால் போனது என்று ஊருக்கு இப்போது தெரிந்திருந்தது. ஆளாளுக்கு ஒரு தூர் கேட்டு வாங்கிப்போய் வீட்டைச் சுற்றி நட்டார்கள், வரப்பில் நட்டார்கள், சரிவில் நட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பிரித்துக் கொடுக்கும்போது சிலம்பாயி ஒன்றே ஒன்றுதான் சொல்வாள். "வேர் வேணும்னா எடுத்துக்கோங்க. முதல்ல தலையை நட்டுட்டு அப்புறம் வேரைத் தூக்குங்க. நட்டுரு, நட்டுருன்னு சொல்லிட்டுத்தான் அவரு போனாரு."

பெயரை மாற்றலாமா என்று கேட்டார்கள். தங்கச்சிப் புல் என்று வைக்கலாம் என்றாள் ஒருத்தி. சிலம்பாயி வேண்டாம் என்றுவிட்டாள். "கூப்பிட வேண்டிய நேரத்துல கூப்பிடாதவளுக்கு அந்தப் பேரு எதுக்கு? வெட்டி, வேர். அதுதானே நான் கத்தினது? அதையே வெச்சுக்கோங்க. ஆனா நடுவுல மூச்சு விட்டுச் சொல்லாதீங்க. சேத்துச் சொல்லுங்க."

செங்கமலம் வளர்ந்தாள். அப்பனின் முகம் அவளுக்கு ஞாபகம் இல்லை. கோடை வந்தால் அன்னக்காமு அவளுக்காகக் குடிதண்ணீர்ப் பானையில் ஒரு பிடி வேரைப் போட்டு வைப்பாள். காய்ந்து கிடக்கும்போது அந்த வேர் சருகு மாதிரி இருக்கும். தண்ணீர் பட்டால் போதும், அந்த மழைநாள் மணம் அப்படியே எழும்பி வந்துவிடும். அப்போதெல்லாம் சிலம்பாயி செய்கிற வேலையைப் போட்டுவிட்டுப் பானையருகில் வந்து உட்காருவாள். மூடியைத் திறந்து, உள்ளே குனிந்து, மெதுவாகத் தங்கச்சி என்பாள். பதில் வராது. மணம்தான் வரும்.

அன்று பிடித்துத்தான் அந்தப் புல் பூவில் மணக்காமல் வேரில் மணக்கிறது, நனைந்தால் மட்டும் மணக்கிறது. வேர் எடுக்கிறவர்கள் தலையை நட்டுவிட்டுத்தான் வீடு திரும்புகிறார்கள். அதன் பெயரையும் நடுவில் மூச்சு விடாமல், ஒரே சொல்லாக, வெட்டிவேர் என்றே சொல்கிறார்கள்.